சாகணும் என்று பிள்ளை சொன்னால் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

உங்கள் அக்கா மகனுக்கு 16 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் 11ஆம் வகுப்பு படிக்கிறான், போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது “நான் இல்லாமப் போனா உங்க எல்லாருக்கும் நிம்மதி” என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அக்கா அதை வயசுக் கோளாறு என்கிறாள், அத்தான் “நாம கவனிக்கணும்னு சொல்றான், விடு” என்கிறார். இதில் ஆபத்து எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது, நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே அவன் தலையில் ஏற்றிவிட்டதாக ஆகிவிடாதா? இதுதான் நீங்கள் கேட்டது. டர்பனில் மனநல நர்ஸாகப் பல வருடம் இளம் பிள்ளைகளோடு வேலை செய்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள். ஆனால் முதல் விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள், வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்.

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, டாக்டர்களுக்கே உண்டு. அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2005இல் வெளிவந்தது. பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை, இரண்டு நாள் கழித்து எல்லாரையும் மறுபடி பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணமோ கலக்கமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும், முன்பு ஒரு முறை முயன்றவர்களும், கேட்கப்பட்ட பிறகு கொஞ்சம் இலேசாகவே இருந்தார்கள். அந்த எண்ணத்தைப் பல வாரமாகத் தனியாகச் சுமக்கிற பிள்ளைக்கு, யாரோ ஒருவர் பதறாமல் அந்தச் சொல்லைச் சொல்வதே பெரிய ஆறுதல்.

அடுத்தது, ‘ஆபத்து எவ்வளவு’ என்ற கேள்வி. நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நீங்கள் கேட்டிருக்கலாம். அப்படி யாராலும் சொல்ல முடியாது, எந்தப் பட்டியலாலும் முடியாது. 50 வருடத்தில் வந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் 2017இல் வந்தது. நாம் ஆபத்துக் காரணி என்று அடுக்குகிற எதை வைத்தாலும், யார் தற்கொலைக்கு முயல்வார் என்று கணிப்பது கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அதில் தெரிந்தது. அதற்குப் பிறகு, 2022இல், மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு ‘குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து’ என்று பிள்ளைகளைப் பிரித்துப் போடாதீர்கள், மதிப்பெண் போட்டு யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யாதீர்கள் என்றே மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். நாளை என்ன நடக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், இவனுக்கு இப்போது என்ன நடக்கிறது, இன்றிரவு இவனுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள முடியும், அதுதான் மதிப்பீடு. அதில் பெரும்பகுதியை, அவன் நம்புகிற ஒரு சித்தி செய்யலாம்.

எங்கே வைத்துக் கேட்பது என்பது முக்கியம். நடுக்கூடத்தில், டிவி ஓடிக்கொண்டிருக்க, பாட்டி பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டால் “ஒன்னுமில்லை” என்ற பதில்தான் வரும். காரில் கூட்டிப் போங்கள். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் போகும்போது இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டுதானே இருப்பீர்கள், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதே ஆண் பிள்ளைகளுக்குப் பாதி நிம்மதி. போன் பையில் இருக்கட்டும். அவனுக்கு இங்கிலீஷ்தான் சுலபமென்றால் இங்கிலீஷிலேயே பேசுங்கள். அவன் சொன்னதிலிருந்தே தொடங்குங்கள்: “ஞாயித்துக்கெழம நீ சொன்னது எனக்குள்ளேயே ஓடிக்கிட்டிருக்கு கண்ணா. திட்ட வரல. தெரிஞ்சிக்கணும்னு கேக்கறேன்.” அப்புறம் படிப்படியாக. கொஞ்ச நாளாக, செத்துப்போயிருந்தால் நல்லாயிருக்கும் என்று தோன்றியிருக்கிறதா. நீ இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது என்று தோன்றியிருக்கிறதா. இந்த ஒரு வாரத்தில் உன்னை நீயே கொன்றுகொள்ள வேண்டும் என்ற நினைப்பு வந்ததா. எப்போதாவது முயன்று பார்த்திருக்கிறாயா. இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் ஐந்தாவது கேள்வி: இப்போது, இந்த நிமிடம், அந்த நினைப்பு இருக்கிறதா?

இந்தக் கேள்விகள் நான் இட்டுக்கட்டியவை அல்ல. அமெரிக்க மனநல நிறுவனம் மருத்துவமனைக்கு வருகிற பிள்ளைகளுக்காக உருவாக்கிச் சோதித்த சிறு கேள்வித்தொகுப்பின் சாரம் இது. நர்ஸ் கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அவன் மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருங்கள். “உனக்கென்ன குறை, அம்மாவை நினைச்சுப் பார்த்தியா, நாங்க உன் வயசுல பட்ட கஷ்டம் தெரியுமா” என்ற மூன்றும் வாய்வரை வரும், விழுங்கிவிடுங்கள். அவற்றில் எது வெளியே வந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்” என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். “உன் உயிர் சம்பந்தப்பட்டதுன்னா ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும், ஆனா யார்கிட்ட எப்படிச் சொல்லணும்னு உன்னையும் கேட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகும் பிள்ளைகள் பேசத்தான் செய்கிறார்கள்.

‘ஆமாம்’ வந்தால் நிறுத்தாமல் தொடர்ந்து கேட்க வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசித்திருக்கிறானா, அதற்கு வேண்டியது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று ஏதாவது மனதில் வைத்திருக்கிறானா, யாருக்காவது எழுதி வைத்தானா, முன்பு முயன்றிருந்தால் அப்போது என்ன நடந்தது. பிறகு, எல்லாரும் கேட்க மறந்துவிடுகிற ஒன்று: இத்தனை நாளும் அதைச் செய்யாமல் இருந்தாயே, எது உன்னைப் பிடித்து வைத்தது? தங்கச்சி, நாய்க்குட்டி, ஒரு நண்பன், சனிக்கிழமை ஃபுட்பால், எதுவானாலும் அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் அது வேண்டியிருக்கும். கேட்கும்போது உங்கள் குரல், மருந்துக்கு ஒவ்வாமை உண்டா என்று நர்ஸ் கேட்கிற குரலாக இருந்தால் போதும்.

அவன் சொன்ன வாக்கியத்தை மறுபடி பாருங்கள். நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி. தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. நான் யாரோடும் ஒட்டவில்லை, நான் மற்றவர்களுக்குப் பாரம், இந்த இரண்டும் ஒரு மனதில் சேர்ந்து இனி மாறவே மாறாது என்று ஆகும்போது சாக வேண்டும் என்ற ஆசை வருகிறது. வலியையும் சாவையும் பற்றிய பயம் எந்தக் காரணத்தாலோ மரத்துப்போயிருந்தால் ஆசை செயலாக மாறுகிறது. பாரம் என்கிற அந்தப் பேச்சு நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. பள்ளிக் கட்டணம் எவ்வளவு, டியூஷனுக்கு எவ்வளவு, “உனக்காகத்தான் இந்த வேலையில கெடந்து சாகறேன்”: பாசத்தில்தான் சொல்கிறோம், பிள்ளை அதைக் கணக்காக எழுதிக்கொள்கிறான். அதனால் அந்த வாக்கியத்தை வயசுக் கோளாறு என்று நான் தள்ள மாட்டேன்.

அத்தானுக்கும் ஒரு வார்த்தை. கவனிக்கணும் என்றே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கவனியுங்கள். சாவைச் சொன்னால்தான் வீட்டில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு பிள்ளை நினைக்கும் நிலையே சிகிச்சை வேண்டிய நிலை. தென்னாப்பிரிக்காவில் 8 முதல் 11ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் 2002இலும் 2008இலும் நாடு முழுக்க ஆய்வு எடுத்தார்கள், இரண்டு முறையும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், கடந்த ஆறு மாதத்தில் தற்கொலையைத் தீவிரமாக யோசித்ததாக எழுதிக்கொடுத்தார்கள். அதில் மிகப் பெரும்பாலோர் இறக்கவில்லை என்பது உண்மை. யார் இறக்க மாட்டார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்பதும் அதே அளவு உண்மை.

வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? முன்பு ஒரு முறை முயன்றிருந்தால் அதுவே எல்லாவற்றையும்விடப் பெரியது. அப்புறம் தூக்கம்: இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகிறார்கள், இந்த வயதில் அது பலமுறை எரிச்சலாகவும் கதவை அறைவதாகவும்தான் வெளிப்படும், அதனால்தான் வீட்டில் ‘திமிர்’ என்று பெயர் வாங்குகிறது. குளிரில்லாத நாளிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறானா, கையில் கீறல் உண்டா என்று கவனியுங்கள். கீறிக்கொள்கிற எல்லாரும் சாவதற்காகக் கீறுவதில்லை, வலியை அடக்கக் கீறுகிறவர்கள் அதிகம், ஆனாலும் பின்னாளில் ஆபத்தைக் கூட்டும் அடையாளம் அது. குடி, கஞ்சா, சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பதால் ‘சுகர்ஸ்’ உண்டா என்றும் கேட்டே ஆக வேண்டும். அந்த மலிவு ஹெராயின் கலவை நம் தெருக்களில் எத்தனை வீட்டைக் காலி பண்ணியது என்று உங்களுக்கே தெரியும். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, போனில் ஏதாவது படம் பரவியதா, காதல் முறிந்ததா, ஆண் பிள்ளையையே விரும்புகிறேன் என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறானா, வீட்டில் அடி விழுகிறதா, யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா. அண்மையில் பள்ளியிலோ உறவிலோ யாராவது இப்படி இறந்திருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள், இளம் வயதில் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். நீண்ட நாள் இருண்டு கிடந்தவன் திடீரென்று அமைதியாகி, தன் பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் ‘தெளிஞ்சுட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மறுபடி கேளுங்கள்.

இப்போது எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிற, என் கணக்கில் உயிரை அதிகம் காப்பாற்றுகிற பகுதி. இந்த எண்ணம் ஏறி இறங்கும். ஆஸ்திரியாவில், முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் முதல் நினைப்புக்கும் செயலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து நிமிடத்துக்குள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் பலருக்கும் அலை கடந்துவிடுகிறது, வேறு வழி தேடிப் போவார்கள் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நடப்பதில்லை. ஒரு முயற்சியில் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்திலும் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு, 1995க்கும் 2015க்கும் இடையில் நாட்டின் தற்கொலை விகிதமே சுமார் 70 சதவீதம் இறங்கியது. ஜனங்களின் துயரம் 70 சதவீதம் இறங்கிவிடவில்லை, கைக்கெட்டியது எட்டாமல் போனது, அவ்வளவுதான்.

அதனால் இன்று மாலை அக்கா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூன்று மாதத்துக்கு முன் மீந்துபோன வலி மாத்திரை எல்லாம் சமையலறை டிராயரில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கிடக்கும், நம் வீடுகளில் அப்படித்தான். அத்தனையும் பூட்டுள்ள இடத்துக்குப் போக வேண்டும், பாட்டிக்கு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், பழையதை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கராஜில் இருக்கிற எலி மருந்து, தோட்ட மருந்து வீட்டைவிட்டே போகட்டும். அத்தானிடம் துப்பாக்கி இருந்தால் சட்டப்படி அது பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும், சாவி எங்கே என்று பையனுக்குத் தெரிந்தால் அந்தப் பெட்டகத்துக்கு அர்த்தமில்லை, கொஞ்ச காலத்துக்கு அது வேறெங்காவது சட்டப்படியான பாதுகாப்பில் இருப்பதுதான் நல்லது. பையனுக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. “கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும், உன்மேல பயமில்ல, அந்த நெனப்பு மேலதான் பயம்” என்று சொல்லியே செய்யலாம்.

எப்போது நேராக மருத்துவமனை? வழி யோசித்து வைத்திருக்கிறான், அது கைக்கெட்டுகிறது, இன்றிரவு தாங்குவேன் என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை, ஏற்கெனவே எதையோ விழுங்கிவிட்டான், போதையில் இருக்கிறான், காதில் குரல் கேட்கிறது என்கிறான். இதில் ஒன்றிருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், தனியாக விடாதீர்கள், பக்கத்திலிருப்பது ஆர். கே. கான் மருத்துவமனை என்றால் அதன் கேசுவல்ட்டிக்குப் போங்கள், ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. மாத்திரை எதையாவது விழுங்கியிருந்தால் “நல்லாத்தான் இருக்கான்” என்று வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, சில மருந்துகள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் பிறகு ஈரலைக் கெடுக்கும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று நம் ஆட்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமில்லை. அவன் மறுத்தாலும், நிலைமை மோசமாக இருந்தால், 2002ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பித்து 72 மணி நேரம் வைத்து மதிப்பிட வழி உண்டு. மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இருந்தால், தற்கொலை முயற்சிக்கான சிகிச்சை கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பலன்களில் ஒன்று, மூன்று நாள்வரை மருத்துவமனைச் சிகிச்சை அல்லது ஆறு ஆலோசனைகள்வரை, எனவே ‘கவர் இல்லை’ என்று யாராவது சொன்னால் விடாமல் கேளுங்கள். 12 வயது தாண்டிய, புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று குழந்தைகள் சட்டமும் சொல்கிறது. டாக்டர் அவனிடம் தனியாகப் பேசினால் அக்கா கோபிக்க வேண்டாம், அது அவசியம்.

அவ்வளவு அவசரமில்லை, எண்ணம் இருக்கிறது, திட்டமில்லை என்றால் இந்த வாரத்துக்குள் கிளினிக் அல்லது உளவியலாளர். அதுவரை என்ன செய்வது என்பதில்தான் நம் வீடுகளில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. முருகன் படத்துக்கு முன்னால் நிறுத்தி “இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கையை நீட்டச் சொல்கிறார்கள், அம்மா தலையில் அடித்தும் சத்தியம் வாங்குகிறார்கள். டாக்டர்களும் ஒரு காலத்தில் இதையே காகிதத்தில் கையெழுத்தாக வாங்கிக்கொண்டிருந்தார்கள், அது யாரையும் காப்பாற்றியதாக ஆதாரமில்லை. சத்தியத்தால் நடப்பது ஒன்றுதான்: அடுத்த முறை அந்த நினைப்பு வரும்போது சத்தியத்தை மீறிய குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டு வாயை மூடிவிடும். அதற்குப் பதிலாக அவனோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள், அவன் கையெழுத்திலேயே, அவன் சொற்களிலேயே. அந்த நினைப்பு வரப்போகிறது என்று எனக்கு எதில் தெரியும். தனியாக என்ன செய்தால் கொஞ்சம் இறங்கும். எங்கே போனால், யாரோடு இருந்தால் மனம் மாறும். யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எண் என்ன. எந்த மருத்துவர், எந்த உதவி எண். வீட்டில் எதை அப்புறப்படுத்துவது. போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த முன்னாள் படைவீரர்களுக்கு இப்படித் திட்டம் எழுதிக்கொடுத்து, பிறகு போன் செய்தும் விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். அவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் நான் பிள்ளைகளிடம் பயன்படுத்துவதும் இதையே.

கோவிலுக்குக் கூட்டிப் போகலாமா? தாராளமாக. காவடி எடுக்க வேண்டும் என்று அவனே விரும்பினால் இன்னும் நல்லது, விரதம், ஊர் சனத்தோடு நடப்பது, உருமி மேளம், எல்லாம் ஒருவனைத் தனிமையிலிருந்து வெளியே இழுக்கும். சர்ச்சுக்குப் போகிற குடும்பமானாலும் இதேதான். ஆனால் கருப்பு பிடித்திருக்கிறது, செய்வினை என்று மூன்று மாதம் அங்கேயே அலைந்துவிட்டு மருத்துவரிடம் கடைசியில் வராதீர்கள், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். இது நம் சமூகத்துக்குப் புதிதுமில்லை. டர்பனில் நடந்த தற்கொலைகளைச் சமூகவியலாளர் ஃபாத்திமா மீர் ஆராய்ந்து வெளியிட்டது 1976இல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, நாம் இன்னும் “ஹார்ட் அட்டாக்” என்று சொல்லித்தான் அடக்கம் செய்கிறோம், அடுத்த பிள்ளை தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறான்.

11ஆம் வகுப்பு என்பதால் ஒன்று. பல்கலைக்கழகங்கள் இந்த வருட மதிப்பெண்ணை வைத்துத்தான் முதலில் இடம் ஒதுக்குகின்றன, அதனால் மெட்ரிக்குக்கு, அதாவது 12ஆம் வகுப்புக்கு, முந்தின வருடமே கழுத்தை நெரிக்கும். தவறினால் மறுபடி எழுத வழி இருக்கிறது, அரசின் இரண்டாம் வாய்ப்பு மெட்ரிக் திட்டமே இருக்கிறது என்பதை அவனுக்கு முன்னால் அத்தான் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் போதாது, அவன் பயப்படுவது அப்பாவின் முகத்துக்கு.

மருத்துவர் மாத்திரை கொடுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஆனால் முதல் சில வாரம் கூர்ந்து பாருங்கள். 25 வயதுக்குக் கீழுள்ளவர்களில் சிலருக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கும் காலத்தில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் பிள்ளைகளுக்கும் 2007இல் 25 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. தூக்கமில்லாமல் நிலைகொள்ளாமல் அலைந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், வீட்டுக்கு வந்த முதல் வாரமும் அடுத்த சில மாதமும்தான் மிகவும் ஆபத்தான காலம். ‘அனுப்பிட்டாங்க, சரியாயிட்டான்’ என்று எல்லாரும் கையைத் தளர்த்துகிற நேரமும் அதுவே.

அக்காவிடம் பேசும்போது “நீ கவனிக்கல” என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் வயசுக் கோளாறு என்று சொல்வதே பயத்தில்தான் என்று நினைக்கிறேன். “அவன் என்கிட்ட சொன்னான், நாம ரெண்டு பேருமா கூட்டிட்டுப் போவோம்” என்று சொல்லுங்கள். இதை நீங்கள் ஒருவரே தாங்கவும் வேண்டாம். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் தற்கொலை நெருக்கடி எண் 0800 567 567, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், குடும்பத்தாரும் கூப்பிடலாம். பிள்ளைகளுக்கான சைல்ட்லைன் 116, இலவசம். இரண்டையும் அவன் போனிலும் உங்கள் போனிலும் இன்றைக்கே போட்டு வையுங்கள். இன்று அவன் ‘இல்லை’ என்றே சொன்னாலும் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு அதே கேள்வியைக் கேளுங்கள், பல பிள்ளைகள் இரண்டாவது முறைதான் பதில் சொல்கிறார்கள்.